சாய்மனைக் கதிரையும் சிறுகதையும்

ஒரு கிழவர் சாய்மனைக் கதிரையிலே சாய்ந்திருக்கிறார். முற்றத்து மாமரத்திலிருந்து பழுத்த இலையொன்று உதிர்கிறது. அவருடைய எண்ணங்கள் பின்னோக்கிச் சிறகடிக்கின்றன. இளமை, காதல், பிரிவு எல்லாம் மூன்று பக்கங்களிலே வந்து போகின்றன. பிறகு பேரப்பிள்ளை ஓடிவந்து, "அப்பப்பா, தேத்தண்ணி ஆறுது" என்கிறது. எண்ணங்கள் சிறகை மடித்துக்கொண்டு கதிரைக்குத் திரும்புகின்றன. கதையும் முடிகிறது.

இந்தக் கதையை நாம் எத்தனை தடவை வாசித்துவிட்டோம்! மாணவர்கள் இதை எழுதுகிறார்கள். அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். பரிசும் பாராட்டும் பெற்றவர்களும் எழுதுகிறார்கள். சில வேளைகளிற் கதிரைக்குப் பதிலாகப் பஸ் வண்டியின் யன்னலோர ஆசனம் வரும். சில வேளைகளில் மரணப்படுக்கை வரும். இலை உதிர்வது மாத்திரம் மாறுவதில்லை. ஏனென்றால் அந்த இலை வெறும் இலையன்று, அது 'முற்குறிப்பு' என்று எழுதியவர் நமக்கு விளக்கம் தருவார். எண்ணங்கள் சிறகடித்தது 'பின்னோக்கு உத்தி' என்பார். இரண்டு உத்திகளையும் கையாண்டாயிற்று. ஆகவே இது நவீன சிறுகதை! வகுப்புக் குறிப்பேட்டிலே உத்திகள் என்ற தலைப்பின் கீழ் ஒன்று, இரண்டு என இலக்கமிட்டு எழுதிக்கொண்ட மாணவன் வேறெப்படித்தான் எழுதுவான்? அவன்மீது நமக்குக் கோபமில்லை. அந்தக் குறிப்பை எழுதிக் கொடுத்தவர்கள்மீதுதான் நம் வழக்கு.

வழக்கு இன்னொரு பக்கத்தார்மீதும் உண்டு; அவர்கள் நம்முடைய தோழர்கள். உருவத்தைப் பற்றிப் பேசுவதே கலை கலைக்காக என்போரின் வேலை, நமக்கு வேண்டியது உள்ளடக்கம் மட்டுமே, காலையிற் தொடங்கி மாலையில் முடிகிற நேர்கோட்டுக் கதையே மக்களுக்கு விளங்கும் என்று அவர்கள் சாதிக்கிறார்கள். மக்களுக்கு எது விளங்கும் என்று மக்களிடம் கேளாமலே தீர்ப்பளிக்கும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்ததோ நாம் அறியோம். கூத்துப் பார்த்தும் கதைப்பாடல் கேட்டும் வளர்ந்த மக்கள், முன்கதையைப் பின்னும் பின்கதையை முன்னும் சொல்லக் கேட்டுப் பழகாதவர்களா? பின்னோக்கு என்பது நேற்று மேனாட்டிலிருந்து கப்பலேறி வந்த சரக்கன்று. ஹோமரின் ஒடிசியுஸ் தன் அலைச்சலிற் பெரும்பகுதியைப் பயேசியர் அரண்மனையில் இருந்துகொண்டு பழங்கதையாகத்தான் சொல்கிறான்.

நாம் சொல்ல வருவது இதுதான். ஒரு கதையில் எது முன்னே சொல்லப்படுகிறது, எது பின்னே சொல்லப்படுகிறது என்பது அலங்காரம் பற்றிய கேள்வியன்று. எது எதற்குக் காரணம் என்பது பற்றிய கேள்வி அது. ஒரு துன்பம் விதியால் வந்ததா, மனிதர் செய்த ஏற்பாட்டால் வந்ததா என்பதை எழுத்தாளன் எங்கே சொல்கிறான்? பிரசங்கத்திலே அன்று, நிகழ்ச்சிகளை அடுக்கும் ஒழுங்கிலேதான்.

நம்முடைய மிகப் பெரிய காப்பியத்தையே எடுத்துக்கொள்வோம். சிலப்பதிகாரத்தில் முற்குறிப்புகளுக்குக் குறைவில்லை. புகாரை விட்டுப் புறப்படுமுன்னரே கண்ணகி தீக்கனாக் கண்டு தேவந்திக்கு உரைக்கிறாள். மதுரையில் ஆயர்பாடியிலே குடத்துப் பால் உறையவில்லை, எருதின் கண்ணில் நீர் வடிகிறது, வெண்ணெய் உருகவில்லை, ஆக்களின் மணிகள் அறுந்து விழுகின்றன. கேட்பவன் நெஞ்சு நடுங்கிவிடும். கோவலன் கொல்லப்பட்டு, நகரம் எரியூட்டப்பட்ட பின்னர், மதுராபதித் தெய்வம் வந்து பின்னோக்கிச் செல்கிறது. சென்ற பிறவியிற் கலிங்கத்துச் சிங்கபுரத்திலே பரதன் என்ற பெயரோடு வாழ்ந்த கோவலன், சங்கமன் என்ற வணிகனை ஒற்றனென்று காட்டிக் கொடுத்துக் கொல்வித்தான். அவன் மனைவி நீலி இட்ட சாபம் இப்போது பலித்தது என்கிறது.

இளங்கோவின் கவித்துவத்துக்கு முன்னே தலைவணங்கிக்கொண்டே நாம் கேட்கிறோம்: இந்தப் பின்னோக்கு என்ன செய்தது? பொற்கொல்லனின் களவு நம் கண்முன்னே நடந்தது. ஆராயாமற் கொலைக்கு ஆணையிட்ட அரசனைக் கண்டோம். வழக்குரைத்த பெண்ணின் குரலைக் கேட்டோம். காரணங்கள் அத்தனையும் இந்தப் பிறவியிலேயே, இந்த நகரத்திலேயே, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. பின்னோக்கு வந்து அவற்றையெல்லாம் முற்பிறவிக்குள்ளே புதைத்தது. ஊழை வற்புறுத்துவது அந்த நூலின் நோக்கங்களில் ஒன்று என்பதை நூலின் பதிகமே ஒளிக்கவில்லை; ஆதலால் அதனைக் குறையென்று சொல்ல மாட்டோம். அந்த யுகத்தின் அறிவு அது. ஆனால் நவீன சிறுகதை பிறந்ததே அந்த அறிவோடு பிணங்கிக்கொண்டுதான். பாலுறையாமையைப் பழுத்த இலையாக மாற்றிவிட்டு அதனை நவீனம் என்று விற்பதைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

உத்திப் பட்டியற்காரர் இங்கே அன்ரன் செக்கோவைத் துணைக்கழைப்பார்கள். நாடக மேடையிலே குண்டு நிரப்பிய துப்பாக்கியை வைத்தால் யாரேனும் அதைச் சுட வேண்டும், சுடுவதில்லையென்றால் அதை வைக்கக்கூடாது என்று 1889இல் இளம் எழுத்தாளர் ஒருவருக்கு அவர் கடிதம் எழுதியது உண்மை. அதற்கு முன்பே, 1842இல், எட்கர் அலன் போ ஹோதோர்ணின் கதைகளுக்கு மதிப்புரை எழுதுகையில், முன்கூட்டியே தீர்மானித்த ஒரே விளைவை நோக்கி ஒவ்வொரு சொல்லும் நகர வேண்டும் என்று விதித்தார். இரண்டும் சிக்கனத்தைப் பற்றிய நல்ல புத்திமதிகள். ஆனால் துப்பாக்கி வெடிக்க வேண்டும் என்பதோடு பாடம் முடிந்துவிடுமா? அதிற் குண்டை நிரப்பியவன் யார் என்று கேட்க வேண்டாமா? அந்தக் கேள்வியைச் செக்கோவ் கடிதத்திற் கேட்கவில்லை. தம் கதையிலே கேட்டார்.

1888இல் வெளிவந்த 'தூக்கம் வருகிறது' என்ற கதையை நம் ஆசிரியர்கள் வகுப்பிலே வாசித்துக் காட்ட வேண்டும் என்பது நம் விண்ணப்பம். பதின்மூன்று வயதுச் சிறுமி வார்க்கா. சப்பாத்துத் தைப்பவன் ஒருவனுடைய வீட்டிலே குழந்தைக்குத் தொட்டிலாட்டும் வேலைக்காரி. இரவு, குழந்தை அழுதுகொண்டேயிருக்கிறது, அவள் தூங்கக்கூடாது. விக்கிரகத்தின் முன்னே எரியும் பச்சை விளக்கின் ஒளி கூரையிலே ஒரு பச்சைத் திட்டாக விழுகிறது. கொடியிலே உலரும் குழந்தைத் துணிகளும் பெரிய கறுப்புக் காற்சட்டையும் நிழலாகி, விளக்கு அசையும்போதெல்லாம் தாமும் அசைகின்றன. முற்குறிப்பு இதுதான். ஆனால் இது தெய்வம் அனுப்பிய சகுனமன்று. தூங்கவிடப்படாத ஒரு மூளை காண்கிற காட்சி. பச்சைத் திட்டும் நிழல்களும் அவளுடைய களைப்பின் அளவுகோல்கள். களைப்போ ஒரு வேலை நாளின் நீளத்தால் ஆனது. கதையின் நடுவிலே அந்த வேலை நாளைச் செக்கோவ் மணித்தியாலக் கணக்காகக் காட்டுகிறார். அடுப்பு மூட்டு, எசமானின் சப்பாத்தைத் துடை, படியைக் கழுவு, உருளைக்கிழங்கு உரி, விருந்தாளிக்கு மது வாங்கிவர ஓடு. பிறகு மறுபடியும் தொட்டில்.

பின்னோக்கும் அப்படியே. அவள் கண் சொருகும்போது பழைய குடிசை வருகிறது. தகப்பன் எபீம் குடலிறக்க நோவினால் தரையிலே புரள்கிறான். தாய் பெரிய வீட்டுக்கு ஓடுகிறாள். தற்செயலாக வந்திருந்த வைத்தியர் ஒருவர், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்கிறார். கொண்டுபோக வண்டியோ குதிரையோ அவர்களிடம் இல்லை. பெரிய வீட்டார் வண்டி கொடுக்கிறார்கள். காலம் கடந்துவிட்டது, விடியும்போது அவன் இறந்துவிடுகிறான். அவள் காட்டுக்குள் சென்று அழுகிறாள். அந்த வேளையில் யாரோ பிடரியிலே அடிக்கிறார்கள். நிமிர்ந்து பார்க்கிறாள், எசமான் நிற்கிறான். அடி விழுந்தது கனவிலன்று, நனவிலே! நினைவுக்குள்ளே கூட அவளுக்கு அரை மணி நேரம் இருக்க உரிமையில்லை. பிறகு தாயும் மகளும் பட்டணத்துக்கு வேலை தேடி, வழியிலே பிச்சை கேட்டுக்கொண்டு நடப்பது வருகிறது. அவள் அந்தத் தொட்டிலடிக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்பது தெரிந்துவிடுகிறது. கடைசியில், தன்னை வாழவிடாத பகைவன் இந்தக் குழந்தைதான் என்று மயங்கிய புத்தியோடு அவள் அதன் கழுத்தை நெரித்துவிட்டுத் தரையிலே படுத்துத் தூங்கிப்போகிறாள்.

இதிலே ஒரு பிரசங்கமும் இல்லை. சுரண்டல் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. அப்படியிருந்தும் வாசகன் கொலைக்காரியைத் தேடி வார்க்காவிடம் போக முடியாது. காலத்தைப் புரட்டியதனாலே குண்டை நிரப்பியவர்கள் அனைவரும் வரிசையாக வந்து நின்றுவிட்டார்கள்.

மாப்பசானை இந்த வரிசையில் வைப்பதா என்பதில் நமக்குள்ளேயே கருத்து வேற்றுமை உண்டு. 1884இல் வந்த 'கழுத்தணி'யை எல்லாரும் இறுதித் திருப்பத்துக்காகப் புகழ்கிறார்கள். கல்வியமைச்சில் எழுதுவினைஞராகிய ஒருவரின் மனைவி மத்தில்து, இரவல் வாங்கிய கழுத்தணியைத் தொலைத்துவிட்டு, 36,000 பிராங் கொடுத்து வேறொன்று வாங்கித் திருப்பிக் கொடுக்கிறாள். பத்து வருடம் கடன் அடைத்துக் கிழவியாகிறாள். பின்னர், இரவல் நகை போலி, 500 பிராங்கும் பெறாதது என்று அறிகிறாள். கூர்ந்து வாசிப்பவருக்கு முன்பே ஒரு தடயம் கிடைக்கும்: நகைப் பெட்டியிலே பெயரிருந்த கடைக்குப் போய்க் கேட்டபோது, அந்த வியாபாரி ஏட்டைப் புரட்டிப் பார்த்து, பெட்டியைத்தான் தந்தேன், நகையை நான் விற்கவில்லை என்கிறான். முற்குறிப்பு என்ற வகையில் இது மிக நேர்மையானது. ஆனால் தற்செயல் மனிதனை எப்படியெல்லாம் ஆட்டிவைக்கிறது என்று வியப்பதோடு மாப்பசான் நின்றுவிடுகிறார். தொலைந்தது தற்செயல்தான். ஓர் எழுதுவினைஞரின் மனைவி ஓர் இரவு மதிக்கப்படுவதற்கு நகை வேண்டியிருந்தது தற்செயலா? கதையின் உண்மையான பலம் திருப்பத்திலன்று, அந்தப் பத்து வருடத்தைச் சொல்லும் சில பந்திகளிலே, பாத்திரம் துலக்கித் தேய்ந்த நகங்களிலே இருக்கிறது. ஆனால் உத்திப் பட்டியற்காரர் வகுப்பிலே அவற்றை வேகமாகக் கடந்து திருப்பத்துக்கு ஓடிவிடுகிறார்கள்.

இனி நாம் சற்றுத் தரித்து நிற்க வேண்டிய கதை லூ சுன் 1924இல் எழுதிய 'புத்தாண்டுப் பலி'. ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நம்மைப் போன்றோர் இதைத் தவறவிடக்கூடாது. ஏனெனில் குற்றவாளிக் கூண்டிலே நமக்கும் ஓரிடம் அங்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

படித்த இளைஞன் ஒருவன் புத்தாண்டை ஒட்டித் தன் சொந்த ஊராகிய லூச்சென்னுக்கு வருகிறான். உறவினர் வீட்டிலே தங்குகிறான். தெருவிலே பிச்சைக்காரியாகிவிட்ட ஒருத்தி, சியாங்லினின் மனைவி என்று ஊர் அழைக்கும் பெண், அவனை மறிக்கிறாள். காசு கேட்கவில்லை. நீ படித்தவன், வெளியூர் கண்டவன், உனக்குத் தெரிந்திருக்கும் என்று சொல்லி, மனிதர் செத்த பிறகு ஆவி உண்டா என்று கேட்கிறாள். அவன் தடுமாறி, இருக்கலாம் என்கிறான். அப்படியானால் நரகமும் உண்டா, செத்த குடும்பத்தார் மறுபடி சந்திப்பார்களா என்று அவள் தொடர்கிறாள். நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று மழுப்பிவிட்டு அவன் விரைந்து நடக்கிறான். மறுநாள் அவள் இறந்த செய்தி வருகிறது. பண்டிகை வேளையிலா சாக வேண்டும் என்று வீட்டுக்காரர் சினக்கிறார்.

இந்த இடத்திலேதான் லூ சுன் பின்னோக்கித் திரும்புகிறார். விதவையாக வேலைக்கு வந்தவள். மாமியாரால் வலிந்து பிடித்துச் செல்லப்பட்டு மலைநாட்டு மனிதன் ஒருவனுக்கு விற்கப்பட்டவள். மறுமணத்துக்கு உடன்படாது தலையைப் பலிமேசையின் விளிம்பிலே மோதி வடுப்பட்டவள். அந்தக் கணவனும் நோயிலே மாண்டான். பிள்ளையை ஓநாய் கொண்டுபோயிற்று. வீட்டை மைத்துனன் எடுத்துக்கொண்டான். பழைய வீட்டுக்கே வேலைக்கு மீண்டாள். இரு கணவரைக் கண்டவள் தீட்டானவள் என்பதால் முன்னோர்க்குப் படைக்கும் பாத்திரங்களை அவள் தொடக்கூடாது என்று விலக்கினார்கள். கூட வேலைசெய்த பக்திமிக்க பெண்ணொருத்தி, நீ செத்தால் கணவர் இருவரும் உனக்காகச் சண்டையிடுவர், நரகத்து அரசன் உன்னை இரண்டாக அறுத்துப் பங்கிடுவான் என்று அச்சமூட்டினாள். கோயிலுக்கு ஒரு வாசற்படி காணிக்கை கொடு, ஆயிரம் பேர் அதை மிதிக்க உன் பாவம் தீரும் என்றும் வழி சொன்னாள். ஏறக்குறைய ஒரு வருடச் சம்பளத்தைக் கொட்டி அவள் அந்தப் படியைக் கொடுத்தாள். அடுத்த படையலுக்கு மலர்ந்த முகத்தோடு பாத்திரத்தை எடுக்கக் கைநீட்டினாள். "வைத்துவிடு" என்றார்கள். அன்றோடு அவள் உயிர் போய்விட்டது. உடம்பு மட்டும் சில வருடம் தெருவிலே நடமாடிற்று.

இப்போது அந்த முதற் கேள்விக்குத் திரும்பிப் பாருங்கள். கதையின் தொடக்கத்திலே அது ஒரு பைத்தியக்காரியின் தத்துவ விசாரம் போலத் தோன்றியது. இப்போதோ, தன்னை அறுக்கும் வாள் உண்டா இல்லையா என்று உயிர் பதைத்துக் கேட்ட கேள்வி அது என்று அறிகிறோம். முற்குறிப்பும் பின்னோக்கும் இங்கே இரண்டு உத்திகளன்று. ஒரே கீலின் இரு பக்கங்கள். நேர்கோட்டிலே இந்தக் கதையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகும்? ஒரு பெண்ணின் துயரத்தைப் படிப்படியாக அறிந்து, அவளுடைய கேள்வி வரும்போது நாம் கண்ணீரோடு ஆயத்தமாக இருப்போம். படித்தவனின் மழுப்பலைக் கண்டு நாம் அவன்மீது சினப்போம். நம்மை நல்லவர்களென்று எண்ணிக்கொள்வோம். லூ சுன் அந்தச் சலுகையை நமக்குத் தரவில்லை. ஒன்றுமறியாத நிலையிலே நம்மை அவள் முன் நிறுத்துகிறார். அவனைப் போலவே நாமும் அவளைக் கடந்து போய்விடுகிறோம். பிறகுதான் கணக்கு வருகிறது.

நம் புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய 'செல்லம்மாள்' இதற்குப் பக்கத்தில் வைக்கத் தக்கது. சென்னையிலே துணிக்கடைச் சம்பளத்திற் சீவிக்கும் பிரமநாயகம் பிள்ளையின் மனைவி இறந்துவிட்டாள் என்பதோடு கதை தொடங்குகிறது. மரணம் முதலிலேயே வந்துவிட்டதால் 'பிழைப்பாளா' என்ற ஆவல் நமக்கு எழ இடமே இல்லை. அந்த ஆவலைக் கொண்டுதான் வாரப் பத்திரிகைத் தொடர்கள் தம் வயிற்றை வளர்க்கின்றன; புதுமைப்பித்தன் அதனை முதல் வரியிலே தூக்கியெறிந்துவிட்டார். எஞ்சியிருப்பது வேறொரு கேள்வி: இந்த மனிதன் ஏன் அலறி அழவில்லை? பின்னோக்கு அதற்கு விடை சொல்கிறது. நோயும் வறுமையும் உறவற்ற பட்டணமும் சேர்ந்து, அன்பையே இடைவிடாத ஊழியமாக மாற்றிவிட்ட வருடங்கள் அங்கே இருக்கின்றன. அவருடைய அமைதியிலே துக்கம் எவ்வளவு, விடுதலை எவ்வளவு என்று பிரித்தறிய முடியாதபடி எழுதியிருப்பதுதான் அந்தக் கலைஞனின் நேர்மை.

இனி நம் தோழர்களிடம் ஒரு வார்த்தை. பழுத்த இலையைப் பரிகசித்தோம்; கீழ்வானத்தை விட்டுவிடுவது நீதியாகுமா? வேலைநிறுத்தம் தோற்றுவிட்டது, தலைவன் சிறையில் இருக்கிறான், பிள்ளை பட்டினி கிடக்கிறது. ஆயினும் கடைசி வரியிலே கீழ்வானம் சிவக்கிறது! இதுவும் முற்குறிப்புத்தான். எதன் முற்குறிப்பு? கதைக்குள்ளே எந்த நிகழ்ச்சி அந்தச் சிவப்பைப் பெற்றது? ஒன்றுமில்லையென்றால், பல்லி சொன்ன பலனுக்கும் இந்தச் சூரியனுக்கும் என்ன வேறுபாடு? காரணமின்றி வரும் நம்பிக்கையும் காரணமின்றி வரும் விதியும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். சகுனத்திலே நம்பிக்கையில்லாதவர்கள் சிவப்புச் சகுனத்தையும் கைவிட வேண்டும்.

நேர்கோடுதான் மக்களுக்கு விளங்கும் என்ற வாதத்துக்கு நம் நாட்டு வரலாறே எதிர்ச்சாட்சி. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தொழிலாளியிடம் என்ன கேட்டது? நீ இங்கே பிறந்தது போதாது. உன் தகப்பன் இங்கே பிறந்தானா? இல்லையென்றால் உன் பாட்டனும் அவன் தகப்பனும் இங்கே பிறந்தார்களா? காட்டு சான்றை! இதைவிடக் கொடிய பின்னோக்கு எந்தக் கதையில் உண்டு? காட்டை வெட்டிக் கோப்பியும் தேயிலையும் நட்டவனிடம், உன் பாட்டனின் பிறப்புப் பத்திரம் எங்கே என்று அரசு கேட்டது. 1964 ஒப்பந்தத்திலே இரண்டு பிரதமர்கள் கையொப்பமிட்டு, 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே என்று மனிதரைத் தலைக்கணக்கிலே பங்கிட்டார்கள். எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று ஒத்திவைத்தார்கள். 2003இல் வேறொரு சட்டம் வந்து, நாடற்றவராய் எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை தந்தபோது, அரை நூற்றாண்டு கடந்துவிட்டிருந்தது.

அந்த மக்களைப் பற்றி எழுதுகிறவன் நேர்கோட்டிலே எழுதினால் எங்கிருந்து தொடங்குவான்? லயத்துக் காம்பராவிலே ஒரு கிழவி தகரப் பெட்டியைத் திறந்து தேடுகிறாள் என்று தொடங்கட்டும். என்ன தேடுகிறாள் என்று முதலிலே சொல்ல வேண்டாம். தகரப் பெட்டி ஒரு முறை மூடப்படும் ஓசை போதும். அவள் நினைவு பின்னோக்கிச் செல்லட்டும். ஆனால் சிறகடித்துச் செல்ல வேண்டாம். ஒரு கடுதாசியின் பொருட்டு, ஓர் உத்தியோகத்தர் கேட்ட கேள்வியின் பொருட்டுச் செல்லட்டும். தாய் எந்த மழையில், எந்தத் தோட்டத்திலே தன்னைப் பெற்றாள், அதைப் பதிந்து வைத்தவர் யாரேனும் உண்டா, பதியாமல் விட்டதனால் இலாபமடைந்தவர் யார் என்று அந்த நினைவு தேடட்டும். மாமரமும் இலையும் அங்கே தேவைப்படா. சாய்மனைக் கதிரை போடவும் அந்தக் காம்பராவிலே இடமில்லை.